கீறல் தேய்த்தால் போகுமா?

அம்பாசடர் காரின் கதவில் கீறல் விழுந்தால் யாரும் அதிகம் கலங்கியதில்லை. தகரத்தைத் தட்டிச் சரிசெய்து, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் காரியம் முடிந்தது. இன்றைய கார்களின் சங்கதி வேறு. கதவின் உட்புறம், டாஷ்போர்டு, டிக்கியின் ஓரம் எல்லாம் சொரசொரப்பான பிளாஸ்டிக். ஊரிலிருந்து அரிசி மூட்டையை ஏற்றி வந்து இறக்கிய பிறகு பார்த்தால், டிக்கி ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கோடு! துடைத்தாலும் போவதில்லை, மை தீட்டினாலும் மறைவதில்லை.

காரணம் இதுதான். அந்தச் சொரசொரப்பு மேலே பூசியது அன்று. பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சின் உட்புறத்தை அமிலத்தாலோ லேசர் ஒளியாலோ அரித்து, தோலில் இருப்பது போன்ற நுண்ணிய மேடு பள்ளங்களை உண்டாக்குகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அந்த உருவத்தை அப்படியே வாங்கிக் கொள்கிறது. அம்மியின் கொத்து போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். கீறல் விழுந்த இடத்தில் அந்த மேடுகள் நசுங்கிப் போகின்றன. அல்லது பெயர்ந்து விடுகின்றன. போனது நிறம் அன்று, உருவம். அங்கே ஒளி வேறு விதமாகச் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. விறைப்புக்காகப் பிளாஸ்டிக்கில் கலக்கும் மாக்கல் பொடி அந்த வெளுப்பை இன்னும் எடுத்துக் காட்டும்.

முதலில் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். கீறல் என்று நினைத்தவற்றில் பல, செருப்பு ரப்பர் இழுத்த தடமாகவே இருக்கும். பிறகு நகத்தால் தடவிப் பார்க்கலாம். நகம் தட்டவில்லையென்றால் மேடுகள் நசுங்கியிருக்கின்றனவே தவிர, பெயரவில்லை. சூடான காற்றை வீசும் கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக் கொண்டே காட்டினால், பிளாஸ்டிக் இளகி, நசுங்கிய மேடு ஓரளவு எழும்பும்.

ஆனால் இங்கேதான் ஆபத்து. பாலிப்ரொப்பிலீன் உருகுவது ஏறக்குறைய 160 டிகிரி சென்டிகிரேடில், ஏ.பி.எஸ். என்ற வகை 100 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். பட்டறைக் கருவியோ 400, 500 டிகிரியில் காற்றைக் கக்கும். சற்றே தாமதித்தால் சுற்றிலுமுள்ள சொரசொரப்பும் உருகி, வழுக்கை விழுந்தாற்போல் பளபளக்கும். அதற்குக் கீறலே தேவலை. பாகத்தின் பின்புறம் பி.பி., ஏ.பி.எஸ். என்று எந்த எழுத்து பொறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறைவான மூலையில் சோதித்த பிறகே முன்புறம் கை வைக்க வேண்டும்.

ஆழமான கீறலுக்குப் பட்டிதான் வழி. அதிலும் ஒரு தொல்லை. இத்தாலியின் நட்டா 1954-இல் உருவாக்கிய பாலிப்ரொப்பிலீன், அவருக்கு 1963-இல் ஜெர்மனியின் சீக்லருடன் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அற்புதப் பொருள்களில் ஒன்று; ஆனால் அதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. ஒட்டுவதற்கென்றே உள்ள பிரைமரை முதலில் பூசாவிட்டால் பட்டியும் பெயிண்டும் உரிந்து வந்துவிடும். கெட்டிக்காரத் தொழிலாளர்கள், பழுதில்லாத இடத்தின்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி, இறுகியதும் உரித்து, அதையே முத்திரையாக ஈரப் பட்டியில் அழுத்தி மேடு பள்ளத்தை மீட்கிறார்கள். பிறகு பளபளப்பில்லாத பெயிண்ட். சின்னஞ்சிறு பாகத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. பழைய கார் பாகம் விற்கும் கடையில் அதுவே கிடைத்தாலும் கிடைக்கும்.

கடைகளில் விற்கும் சிலிகோன் பாலிஷ், ஈரமான கல் கறுத்துத் தெரிவது போலக் கீறலைச் சில நாள் மறைக்கும். அதன் பிசுக்கை முற்றிலும் போக்காமல் பெயிண்ட் அடித்தால் குழிகுழியாக விலகி நிற்கும்.

எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியில் மட்டும் இந்த வைத்தியம் எதுவும் கூடாது. விபத்தின்போது கண்ணிமைப்பதற்குள் கிழிந்து திறப்பதற்காகவே அதன் பின்புறம் மெல்லிய கோடாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சூடோ பட்டியோ பட்டால் அது திறக்கும் விதமே மாறிவிடலாம். அங்கே விழுந்த கீறலை அப்படியே விட்டுவிட வேண்டும். கண்ணை உறுத்தினால், கம்பெனிப் பட்டறையில் சொல்லி மூடியையே மாற்றிக் கொள்ளலாம்.