சமிக்ஞை இணைப்புத் தோல்விகளைக் கண்டறிதல்: அடுக்குமுறை நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொலைபேசி இணைப்பகங்கள் அழைப்புகளை ஏற்படுத்தவும் முடிக்கவும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளே சமிக்ஞை எனப்படும். இச்செய்திகளைச் சுமக்கும் இணைப்பு செயலிழக்கும்போது காரணத்தைக் கண்டறியும் முறையை, ஏழாம் எண் சமிக்ஞை முறையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. இறுதியாக வெற்றி பெற்ற படிநிலை எதுவென அறிவதே பழுதின் இருப்பிடத்தைச் சுட்டும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சமிக்ஞை, இணைப்பகம், அடுக்கு, முனைக்குறியீடு, பழுதறிதல்.

முன்னுரை

பேசுவோரின் குரல் ஒரு வழியிலும், அவ்வழைப்பைப் பற்றிய செய்தி வேறொரு வழியிலும் செல்வது ஏழாம் எண் முறையின் அடிப்படையாகும். ஒரே சமிக்ஞை இணைப்பு பல நூறு குரல் வழிகளுக்கான செய்திகளைச் சுமக்கிறது. எனவே, குரல் வழிகள் யாவும் சீராக இருப்பினும், சமிக்ஞை அறுந்தால் அவற்றில் புதிய அழைப்பு எதுவும் நிகழாது.

முதலிரண்டு அடுக்குகள்

சமிக்ஞை இணைப்பு, 32 காலப்பகுதிகள் கொண்ட 2 மெகாபிட் தடத்தில் ஒரு காலப்பகுதியைப் பெறுகிறது. ஒரு முனை 16ஆம் பகுதியையும் மறுமுனை 1ஆம் பகுதியையும் பயன்படுத்துமாயின், தடத்தில் எவ்வித எச்சரிக்கையும் தோன்றாது. எனினும் இணைப்பு எழாது.

இரண்டாம் அடுக்கில் இரு முனைகளும் ஒத்திசைவு கோரும் குறிகளைப் பரிமாறிக்கொண்டு, ஏறத்தாழ 8.2 நொடிகள் இணைப்பின் தரத்தைச் சோதிக்கின்றன. ஒரு முனை கோரிக்கையை அனுப்பிக்கொண்டேயிருந்து மறுமொழி பெறாவிடின், எதிர்முனை இயக்கப்படவில்லை அல்லது காலப்பகுதி பொருந்தவில்லை எனக் கருதலாம். சோதனை தொடங்கி இடையில் முறியுமாயின், இரைச்சலையோ கடிகார ஒத்திசைவின்மையையோ ஐயுற வேண்டும். இவ்விரு நிலைகளும் பணியாளருக்கு ‘இணைப்பு இல்லை’ என்ற ஒரே எச்சரிக்கையாகவே தோன்றக்கூடும். காரணங்களோ முற்றிலும் வேறானவை.

மூன்றாம் அடுக்கு

ஒத்திசைவு நிறைவுற்றபின் ஒரு முனை சோதனைச் செய்தியை அனுப்புகிறது. முனைக்குறியீடுகளும் இணைப்பு எண்ணும் பொருந்திய மறுமொழி வந்தால்தான் இணைப்பு பயன்பாட்டிற்கு வரும். இரண்டாம் முயற்சியும் தோற்றால் இணைப்பு விலக்கப்படும். ஆகவே, எழுந்த இணைப்பு சில நொடிகளில் மீண்டும் மீண்டும் விழுமாயின் வடத்தை மாற்றுவதற்கு முன் இரு முனைகளின் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். பன்னாட்டு முறையில் முனைக்குறியீடு 14 பிட் கொண்டது. இதனை ஓரிடத்தில் 2-100-3 எனவும் மற்றோரிடத்தில் 4899 எனவும் எழுதுவர். இரண்டும் ஒரே எண்ணே. இவ்வடிவ மாற்றத்தில் நேரும் கணக்குப் பிழை, இரு தரப்பினரும் தத்தம் பதிவைச் சரியென எண்ணும் நிலையை உருவாக்குகிறது.

மென்பொருளில் தோன்றும் பழுது

கீழடுக்குகள் சீராக இருந்தும் வலையமைப்பு வீழலாம் என்பதற்கு 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத் தொலைதூர வலையமைப்பில் நிகழ்ந்த முடக்கம் சான்றாகும். நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் சிறு பழுதினால் தன்னை மீளத் தொடக்கியது. மீண்டெழுந்ததும் அது அழைப்புச் செய்திகளை அனுப்பியது. முதற்செய்தியைக் கொண்டு அண்டை இணைப்பகம் தன் பதிவைத் திருத்திக்கொண்டிருக்கையில் இரண்டாம் செய்தி வந்து சேர்ந்தது. முந்தைய மாதம் நிறுவப்பட்ட மென்பொருளிலிருந்த பிழையால் அண்டை இணைப்பகத்தின் தரவு சிதைந்து, அதுவும் தன்னை மீளத் தொடக்கியது. இவ்வாறு 114 இணைப்பகங்களிலும் பழுது பரவி, ஏறத்தாழ 9 மணி நேரம் சேவை பாதிக்கப்பட்டது. செய்திச் சுமையைக் குறைத்த பின்னரே வலையமைப்பு நிலைபெற்றது. இங்கு வீழ்ச்சிக்கு முன் நிகழ்ந்த இறுதி வெற்றி, அண்டை இணைப்பகம் மீண்டமையே. மீட்சியே பழுதைப் பரப்பியது என்பதை அவ்வரிசை உணர்த்துகிறது.

முடிவுரை

எச்சரிக்கை தோன்றும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கீழடுக்கிலிருந்து மேல்நோக்கிச் சென்று, இரு முனைகளின் பதிவுகளையும் கால வரிசையில் ஒப்பிட்டு, இறுதி வெற்றியையும் முதல் தோல்வியையும் அடையாளம் காண்பதே நம்பத்தக்க வழியாகும். இணைப்பை உடனடியாக மீளத் தொடக்குவது சேவையை மீட்கக்கூடும். ஆயினும், காரணத்தை உணர்த்தும் பதிவுகளை அது அழித்துவிடலாம். எனவே பதிவுகளைச் சேமித்தல் மீட்புப் பணியின் முதற்படியாக அமைதல் வேண்டும்.