ஒரு வாக்கில் பிழைத்த கோட்டை வாசல்

பழைய கட்டடத்தை இடித்தால்தான் வியாபாரம் பெருகும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஜெர்மனியின் லூபெக் நகர வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

இடைக்காலத்தில் ஹன்சா வணிகர் கூட்டமைப்பின் தலைமை நகரம் லூபெக். லூனெபர்க் உப்பு இங்கு வந்திறங்கி, மீன் பதப்படுத்துவதற்காகக் கப்பலேறியது. 1478-இல் இங்கு ஹோல்ஸ்டன் கோட்டை வாசல் கட்டி முடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அருகிலேயே உப்புக் கிடங்குகள் எழுந்தன.

19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. சதுப்பு நிலத்தில் சாய்ந்து சிதிலமாகி நின்ற வாசலை இடித்துவிடலாம் என்று கோரிக்கை எழுந்தது. 1863-இல் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வாசல் தப்பியது. 1871-இல் பழுதுபார்ப்பு முடிந்தது.

1942 குண்டுவீச்சில் பழைய நகரின் ஒரு பகுதி எரிந்தபோதும் வாசல் நிலைத்தது. அன்று இடிக்க நினைத்த அதே வாசல் பின்னர் 50 மார்க் நோட்டிலும், 2006-இல் 2 யூரோ நாணயத்திலும் இடம்பெற்றது. பழைய நகரம் 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. உப்பு வியாபாரம் ஓய்ந்த பின் கிடங்கில் துணிக்கடை நடந்தது.

எனவே நம் கடைவீதியில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்க ஒப்பந்தம் பேசும் முன், பழுதுபார்க்க என்ன செலவாகும் என்றும் ஒரு மதிப்பீடு வாங்கிப் பார்ப்போம்.