உங்களுக்குத் தெரியுமா? கத்தியின் வயதைச் சொல்லும் புள்ளிகள்

பழைய மடக்குக் கத்தி கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் கூர்மையை அல்ல. அலகின் அடியில், கைப்பிடியோடு சேரும் இடத்தில் உள்ள முத்திரையை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், பிராட்ஃபோர்டில் தயாராகும் ‘கேஸ்’ கத்திகளில் இந்த முத்திரை ஒரு நாட்காட்டியாகவே இருக்கிறது.

1965 முதல் 1969 வரை ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்ற பெயருக்குக் கீழே ‘யு.எஸ்.ஏ.’ மட்டும் இருக்கும். 1970-ல் அதற்கும் கீழே 10 புள்ளிகள் சேர்ந்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. 7 புள்ளி என்றால் 1973. ஒரே புள்ளி என்றால் 1979. 1980-ல் மறுபடியும் 10 புள்ளிகள்! குழப்பம் வராதிருக்க, அந்தப் பத்தாண்டில் ‘எஸ்’ எழுத்தை மின்னல் கீற்றுப் போல வளைத்துப் பொறித்தார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

மாதிரி எண்ணும் பேசும். 6254 என்றால், 6 எலும்புக் கைப்பிடி, 2 இரண்டு அலகு, 54 கத்தியின் வடிவம்.

அமெரிக்கச் சந்தைக்குப் போன ஐரோப்பியக் கத்திகளுக்கு வேறொரு தடயம் உண்டு. மெக்கின்லி வரிச் சட்டத்தால் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். எனவே ‘ஜெர்மனி’ என்ற பொறிப்பு இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையதே.

ஒன்று மட்டும்: கறுத்திருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புள்ளிகளும் சேர்ந்தே அழிந்துபோகும்.