எஸ்.டி.எப்.காரர் பொலிஸா, ஆமியா? தெரியுமா?

காரைதீவு முகாம் வாசலில் உருமறைப்பு உடுப்பும் தோளில் துவக்குமாக நிற்கிறாரே, அந்த விசேட அதிரடிப்படைக்காரர் (எஸ்.டி.எப்.) ஆமி இல்லை, தெரியுமா? சட்டப்படி அவர் பொலிஸ்! பதவியும் கான்ஸ்டபிள், சார்ஜன்ட்தான். அந்தப் பொலிஸுக்குப் போர் பழக்கியது யார் தெரியுமா? பிரித்தானிய எஸ்.ஏ.எஸ். படையில் இருந்து விலகியவர்களின் ‘கீனி மீனி’ என்ற தனியார் கம்பனி! 1984இல், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில். 2007 ஜனவரியில் கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டில் புலிகளின் முகாம்களைப் பிடித்ததும் இதே பொலிஸ் படைதான்.

ஆமி பொலிஸ் வேலைக்கு வருவது எப்படி? 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 12ஆம் பிரிவு. அவசரகாலச் சட்டமே தேவையில்லை. ஜனாதிபதியின் ஒரு வர்த்தமானி போதும், முப்படையும் தெருவுக்கு வரலாம்! அதன் ஆயுள் ஒரு மாதம். 2019 நவம்பரில் 25 மாவட்டங்களுக்கும் அப்படி அழைத்தார்கள். பிறகு மாதாமாதம் புதுப்பித்தார்கள். மாதாமாதம்!

சாதாரண பொலிஸ் போரில் சிக்கினால்? 1990 ஜூன் 11. கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் வளைத்தபோது, சண்டை பிடிக்காமல் சரணடையும்படி கொழும்பில் இருந்து உத்தரவு வந்தது. சரணடைந்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் கொல்லப்பட்ட, திருக்கோவில் பக்கத்து ரூபஸ்குளம் என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நம் ஊர்ப் பொடியன்களும் ஊர்காவல் படையில் சேர்ந்து துவக்குத் தூக்கினார்களே! அந்தப் படைதான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது.

2019 ஏப்ரல் 26, சாய்ந்தமருது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்காரர்களின் கூட்டாளிகள் பதுங்கியிருந்த ஒரே வீட்டை ஆமி, அதிரடிப்படை, பொலிஸ் மூன்றும் சுற்றிவளைத்தன. ஆனால் முதலில் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது யார் தெரியுமா? ஊர்ச் சனம்! வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களைக் கண்டு, பயந்து ஒதுங்காமல் சொன்னார்கள். உள்ளே குண்டுகள் வெடித்துச் செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தச் சனத்தின் துணிவை நாடு இன்னும் போதியளவு பேசவில்லை என்பேன்.

2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் இஸ்ரேலியப் பயணிகளுக்குத் தாக்குதல் அபாயம் என்றதும், ஒரு கடற்கரைக்குப் பொலிஸ், அதிரடிப்படை, கடற்படை, ஆமி எல்லாமே இறங்கின!

உங்களை வீதியில் மறித்து நிறுத்தியது யார் என்று ஏன் கவனிக்க வேண்டும்? எஸ்.டி.எப்.காரர் மீது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆமிக்காரர் மீது அங்கே முடியாது. இரண்டு முறைப்பாட்டையும் ஏற்பது மனித உரிமைகள் ஆணைக்குழு. அதன் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது, தெரியுமா?