செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம்: அமெரிக்க கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் கோ-ஆப் பற்றிச் சில குறிப்புகள்

கோ-ஆப் என்றால் நமக்கு கோ-ஆப்டெக்ஸ் ஞாபகம் வரும், இல்லையென்றால் ஊர் பால் சங்கம். டல்லஸ் பக்கம் ஒரு புறநகரில் புராஜெக்ட் வேலையாக இரண்டு வருடம் இருந்தேன். அப்போது எங்கள் டீமில் இருந்த அமெரிக்கர் ஒருவர், "செவ்வாய் மதியம் மீட்டிங் வைக்காதீங்க, எங்களுக்கு கோ-ஆப்" என்றார். ஏதோ விவசாயக் கூட்டுறவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய நான்கு பிள்ளைகளும் பள்ளிக்கூடமே போனதில்லை. வீட்டில் அம்மாதான் டீச்சர். வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதே போன்ற குடும்பங்கள் ஒரு சர்ச்சில் கூடுகின்றன. அதுதான் கோ-ஆப். இவர் அங்கே மதியம் ஒரு மணி நேரம் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

முதலில் சட்டம், சுருக்கமாக. அமெரிக்காவில் 1993 வாக்கில்தான் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்ற நிலை வந்தது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் வருடாந்திரப் பாடத்திட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, வருட முடிவில் மதிப்பீடு எல்லாம் கொடுக்க வேண்டும். டெக்சாஸ் நேர் எதிர். லீப்பர் வழக்கில் 1994ல் மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுக்கல்வியும் ஒருவகைத் தனியார் பள்ளிதான் என்று சொல்லிவிட்டது. பதிவும் இல்லை, பரீட்சையும் இல்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப்பண்பு ஆகிய ஐந்தையும் உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். இந்தப் பட்டியலில் அறிவியல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அரசு கேட்காவிட்டாலும் பிள்ளை நாளைக்கு காலேஜ் போக வேண்டுமே. எட்டு வயதுவரை அம்மா ஒருத்தியே சமாளித்துவிடலாம். பதினான்கு வயதில் கெமிஸ்ட்ரி லேப், ஸ்பானிஷ் பேச்சுப் பயிற்சி, அல்ஜீப்ரா, கட்டுரை திருத்துவது என்று வரும்போது மூச்சு முட்டும். நான்கு பிள்ளைகள் நான்கு வகுப்பில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கோ-ஆப் பிறப்பது இந்த இடத்தில்தான். உனக்கு ஸ்பானிஷ் தெரியும், எனக்கு பயாலஜி தெரியும், மாற்றிக்கொள்வோம். நம்மூர் மொய் நோட்டு மாதிரிதான். இங்கே எழுதிவைப்பது பணத்தை அல்ல, மணிநேரத்தை.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே விசிட்டர் பேட்ஜ் ஒட்டினார்கள். குழந்தைகள் இருக்கும் எந்த அறையிலும் நான் தனியாக நிற்கக் கூடாது என்று சிரித்தபடியே, ஆனால் தெளிவாகச் சொன்னார்கள். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பெரியவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தாக வேண்டும். சொல்லிக்கொடுக்கும் எல்லாருக்கும் பின்னணிச் சோதனை உண்டு. ஞாயிறு பள்ளி அறைகள்தான் வகுப்பறைகள். ஒன்பது மணிக்கு ஜெபம், அறிவிப்புகள், பிறகு மணிக்கணக்குப்படி வகுப்புகள். நடுவில் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள். மூன்று மணிக்கு எல்லாக் குடும்பமும் சேர்ந்து துடைப்பம் எடுக்கிறது. சர்ச் இலவசமாகக் கொடுத்த இடம், புதன்கிழமை மாலை ஆராதனைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிள்ளையை இறக்கிவிட்டு ஷாப்பிங் போக முடியாது. அம்மா நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் வேறொருவர் வகுப்பில் உதவியாக இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் கைக்குழந்தைகள் அறையில். இதற்குப் பிறகு மிஞ்சும் ஒரு மணி நேரம் அவளுடையது. காபி குடிக்கலாம். யாராவது வரவில்லை என்றால் அதுவும் போய்விடும். நான் போன அன்று ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அந்த அம்மா எடுக்க வேண்டிய வரலாறு, உதவ வேண்டிய ஓவியம், பார்க்க வேண்டிய தொட்டில் அறை என மூன்று ஓட்டைகள். அட்டவணை போடும் பெண்மணி கையில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் ஆள் மாற்றி அடைத்தார். சர்வர் விழுந்தால் லோடை மாற்றிவிடும் வேலைக்கு நாங்கள் ஒரு டீமே வைத்திருக்கிறோம்.

கட்டணம் பெரிதில்லை. அங்கே ஒரு செமஸ்டருக்கு குடும்பத்துக்கு 75 டாலர், அது இன்ஷூரன்ஸுக்கும் பேப்பர் கப்புக்கும். லேப் பொருட்செலவு தனி. உண்மையான விலை அம்மாக்களின் நேரம். அது எந்தக் கணக்கிலும் வராது. என் நண்பர் வாரம் ஒரு மணி நேரம் வந்ததற்கே கைதட்டல். அவர் மனைவி எட்டு வருடமாக வேலையை விட்டுவிட்டு இதைச் செய்கிறார். இருவர் வேலைக்குப் போகும் வீட்டுக்கோ, தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவுக்கோ இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

எல்லா கோ-ஆப்பும் இப்படி அல்ல. சில இடங்களில் ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைப்பார்கள். கிளாசிக்கல் கன்வர்சேஷன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, 1997ல் வட கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் தொடங்கியது (அவர் ஏரோஸ்பேஸ் எஞ்சினியர், நம்ம ஜாதி). அங்கே பாடத்திட்டம், 24 வார அட்டவணை, மனப்பாடப் பாட்டு எல்லாம் மேலிருந்து வரும், டியூட்டர்களுக்குப் பணம் உண்டு. டோரதி சேயர்ஸ் என்ற துப்பறியும் நாவலாசிரியை 1947ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய ஒரு உரைதான் இந்த முறைக்கு அடிப்படை. சின்ன வயதில் மனப்பாடம், நடுவில் தர்க்கம், பிறகு பேச்சுத்திறன். அதைத் தனியாக எழுதலாம்.

நான் உட்கார்ந்து பார்த்தது பயாலஜி. முன்னாள் நர்ஸ் ஒருவர் தவளையை அறுத்துக் காட்டினார். அருமையான வகுப்பு. என் பொறியியல் படிப்பு முழுக்க அந்த அளவுக்குக் கேள்வி கேட்ட மாணவர்களைப் பார்த்ததில்லை. பாடப்புத்தகம் அப்போலோஜியா பதிப்பகத்துடையது, கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் வட்டாரத்தில் பரவலாகப் புழங்குவது. பரிணாமம் அதில் வருகிறது, மறுக்கப்பட வேண்டிய கருத்தாக. இதயத்தின் அறைகளை அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித்தந்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் இப்படியா என்று எனக்கு உறுத்தியது. நண்பரிடம் சொன்னேன். "அதற்காகத்தானே வீட்டில் வைத்திருக்கிறோம்" என்றார். கோபமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவ கோ-ஆப்பில் சேர விண்ணப்பத்தோடு ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். பைபிள் தவறற்றது, திரித்துவம், உயிர்த்தெழுதல் என்று வரிசையாக இருக்கும். சில இடங்களில் பாடம் எடுப்பவர் மட்டும் கையெழுத்திட்டால் போதும். சில இடங்களில் பழைய நைசீன் விசுவாசப் பிரமாணத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், அதில் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டன்ட் எல்லாரும் அடங்குவார்கள். நான் பார்த்த இடத்தில் அறிக்கை இன்னும் இரண்டு வரி போனது. இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே, இறுதி அதிகாரம் வேதம் மட்டுமே. அந்த இரண்டு 'மட்டுமே'யிலும் 500 வருடச் சண்டை இருக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்டில் தூத்துக்குடிக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது, கத்தோலிக்கர்கள். பெரியவனுக்குப் பள்ளியில் தொடர்ந்து தொல்லை. அந்தம்மா எம்.எஸ்சி. கணிதம், ஊரில் ஆறு வருடம் பிளஸ் டூவுக்கு எடுத்தவர், டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி இந்த கோ-ஆப்பைக் கைகாட்டினேன். இரண்டு தரப்புக்கும் பொருத்தம் என்று எனக்கு ஒரே உற்சாகம், ஏனென்றால் அங்கே அல்ஜீப்ரா 2 எடுக்க ஆளில்லை. பிரேயர் முடிந்து பேசிப் பார்த்தார்கள், பையனுக்கும் பிடித்தது. படிவம் வந்ததும் நின்றுவிட்டார். "அந்த ரெண்டு வரியும் நாங்க நம்புறது இல்லையே. பையனுக்காகப் பொய்யா கையெழுத்து போடச் சொல்றீங்களா?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

நண்பரிடம் கேட்டேன். அவர் நழுவவில்லை. "வாரம் முழுக்க என் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருகிறேனோ, செவ்வாய்க்கிழமை அதே தொடர வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் என் பிள்ளையை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பேன்?" சம்பளமோ ஒப்பந்தமோ அரசு மேற்பார்வையோ இல்லாத ஏற்பாட்டில் அந்தக் கையெழுத்துதான் ஒரே பிணைப்பு என்பது எனக்கும் புரிந்தது. ஆனால் இந்த வழியைத் தேடி வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். 2016 தேசியக் கணக்கெடுப்பில் வீட்டுக்கல்விக்கு முதன்மைக் காரணமாக மதக்கல்வியைச் சொன்னவர்கள் 16 சதவீதம்தான். பள்ளிச் சூழல் பற்றிய கவலையைச் சொன்னவர்கள் 34. கோவிட் வந்த 2020ல் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஆறே மாதத்தில் 5.4 சதவீதத்திலிருந்து 11.1க்குப் போயின. இவர்களில் பலரும் முதலில் தட்டுவது சர்ச் கதவைத்தான். 1980களில் வழக்குக்கும் அபராதத்துக்கும் பயந்துகொண்டே எவாஞ்சலிகல் குடும்பங்கள் கட்டி எழுப்பிய அமைப்பு இது, அந்த ஊரில் வார நாளில் காலியாக இருக்கும் பெரிய கட்டடமும் அவர்களுடையதுதான்.

தூத்துக்குடிக் குடும்பம் 40 நிமிஷக் கார் தூரத்தில் நைசீன் பிரமாணம் மட்டும் கேட்கும் இன்னொரு கோ-ஆப்பில் சேர்ந்தது. அந்தம்மா அங்கே இரண்டு கணித வகுப்பு எடுக்கிறார், தொட்டில் அறை முறையும் உண்டு. நண்பரோடு இப்போதும் மெயிலில் பேச்சு உண்டு. அவர்கள் இடத்தில் இந்த வருடமும் அல்ஜீப்ரா 2க்கு ஆள் கிடைக்கவில்லை. வீடியோ போட்டுக் காட்டுகிறார்களாம், பக்கத்தில் உட்கார இரண்டு அம்மாக்கள்.