சிற்றாறு செதுக்கிய பெரும் பள்ளத்தாக்கு

ஸ்காபரோவின் கிழக்கே, ரொறன்ரோ மிருகக்காட்சிச் சாலைக்கு அயலில், ‘விஸ்ரா’ என்னும் நடைபாதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் மரத்தாலான பார்வை மேடையொன்று அமைந்துள்ளது. அதில் நின்று நோக்கினால், ஆழ்ந்து அகன்ற பள்ளத்தாக்கொன்று கண்முன் விரியும். அதன் அடியில் ஓடுவதோ ‘சின்ன றூஜ்’ என்னும் சிற்றாறு. இத்துணைச் சிறிய ஆறு இத்துணைப் பெரிய பள்ளத்தை எவ்வாறு தோண்டியது?

விடை பனியுகத்தில் உள்ளது. ஒருகாலத்தில் இந்நிலம் முழுவதும் தடித்த பனிப்படலத்தின் கீழ்க் கிடந்தது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் அது உருகிப் பின்வாங்கியபோது, களியும் மணலும் கல்லும் கலந்த படிவுகளை விட்டுச் சென்றது. சென் லோறன்ஸ் ஆற்றின் வழியைப் பனி அடைத்திருந்தமையால், ஒன்ராறியோ ஏரியின் முன்னோடியான இரோக்குவா ஏரி இன்றைய மட்டத்தினும் மிக உயர்ந்து நின்றது. அடைப்பு நீங்கியதும் ஏரி தாழ்ந்தது. ஏரி தாழவே, அதனுட் பாய்ந்த ஆறுகளும் தளர்ந்த படிவுகளை அரித்துக் கீழிறங்கின.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு இக்காட்சி புதியது. குடாநாட்டில் மலையுமில்லை, பள்ளத்தாக்குமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறே அங்கு ஆறெனப் பெயர் பெற்றது. நிலத்தின் இயல்பே இதற்குக் காரணம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே மழைநீர் இறங்கி, கல்லைக் கரைத்து, நிலத்தடியிற் குகைகளை ஆக்குகின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதற்குச் சான்றுகள். இங்கோ களி செறிந்த மண் நீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே நீர் மேலோடி நிலத்தை வெட்டுகின்றது. அங்கே மறைவாய்ச் செய்ததை மழை இங்கே வெளிப்படையாய்ச் செய்துள்ளது.

இப்பள்ளத்தாக்கு தானாகவே தப்பிப் பிழைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் செனக்கா மக்களின் ஊர் றூஜ் ஆற்றங்கரையில் இருந்தது. பிற்காலத்தில் நகரம் பெருகி, வீடமைப்புத் திட்டங்கள் இதனை நெருங்கின. அயலவர் பல்லாண்டு குரல் கொடுத்ததன் பயனாக 1995இல் றூஜ் பூங்கா உருவாயிற்று. 2015இல் அது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப் பூங்காவாக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிலத்தை இழந்து வந்தோர் நாம். ஆதலின் ஒரு நிலத்தைக் காத்தோரின் அருமை எமக்கு நன்கு விளங்கும்.

அன்பு மாணவர்களே! அடுக்குமாடி வீட்டினுள் அடைந்திருக்கும் பாட்டன் பாட்டியரை இலையுதிர் காலத்தில் ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். விளிம்பு மண் இளகியது; பாதையை விட்டு விலகாதீர்கள். பள்ளத்தாக்கு உருவான வரலாற்றை நீங்கள் அவர்களுக்குத் தமிழிற் சொல்லுங்கள். தம் வளவின் கிணற்றைப் பற்றி அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். களி, மணல், ஊற்று, அரிப்பு என நாம் வகுப்பிற் கற்பிக்கும் சொற்கள் அங்கே உயிர் பெறும்.