பீரோ வாங்குமுன் மவுசைப் பிடியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி: "ஸ்பிரெட்ஷீட் எல்லாம் ஆபீசுக்குத்தானே, வீட்டில் அதற்கு என்ன வேலை?" தனிக்குடித்தனம் போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். மொய்ப் பணம் கையில் இருந்த தைரியத்தில் முதல் நாளே சோபா, பெரிய கட்டில், பீரோ என்று வாங்கிவிட்டேன். கேஸ் அடுப்பு வாங்க அக்காவிடம் கடன் கேட்க வேண்டியதாயிற்று. பீரோ கதவோ கட்டிலில் இடித்துப் பாதிதான் திறந்தது.

அண்மையில் என் தம்பி புதுக் குடித்தனம் வைக்க 60,000 ரூபாயோடு வந்தான். கடைக்குப் போகுமுன் அவனைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். நாங்கள் பயன்படுத்தியது லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க். இது இலவச மென்பொருள். எக்ஸெல் வைத்திருப்பவர்களும் இதே வேலைகளைச் செய்யலாம். மெனுக்கள் மட்டும் சற்று மாறும்.

1. பட்டியல்

முதல் நெடுவரிசையில் பொருளின் பெயர், இரண்டாவதில் ஓர் எண், மூன்றாவதில் விலை என்று டைப் செய்யுங்கள். எண் 1 என்றால் முதல் நாளே தேவை. 2 என்றால் முதல் மாதத்துக்குள். 3 என்றால் பொறுத்து வாங்கலாம். விலையில் ரூபாய் அடையாளம் வேண்டாம், எண் மட்டும் போதும்.

பிறகு பட்டியல் முழுவதையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் கட்டளையைக் கிளிக் செய்து, இரண்டாவது நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள். 1, 2, 3 என்று பொருட்கள் வரிசையாகிவிடும். இப்பொழுது விலைகளின் மேல் மவுசை இழுத்தால் திரையின் அடியில் கூட்டுத்தொகை தெரியும். ஃபார்முலா எதுவும் தேவையில்லை.

தம்பியின் பட்டியல் மொத்தம் 95,000. பார்த்ததும் முகம் வாடிவிட்டது. ஆனால் அடுப்பு, மிக்ஸி, மின்விசிறி, பாய் தலையணை, பாத்திரங்கள் அடங்கிய 1-ஆம் எண் பொருட்கள் 15,000தான். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ ஆகிய 2-ஆம் எண் 43,000. இரண்டும் சேர்ந்து 58,000. சோபாவும் வாஷிங் மெஷினும் 3-க்குப் போயின. கடன் இல்லாமலே குடித்தனம் தொடங்கலாம் என்று தெரிந்தது.

2. அறையின் படம்

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் திறங்கள். கண்ட்ரோல் விசையோடு ஏ விசையை அழுத்தி எல்லாவற்றையும் செலக்ட் செய்யுங்கள். ஃபார்மட் மெனுவில் காலம்ஸ், ரோஸ் ஆகியவற்றுக்குள் சென்று அகலம், உயரம் இரண்டையும் 0.5 செ.மீ. ஆக்குங்கள். திரை கட்டம் போட்ட நோட்டுப் போல ஆகிவிடும். ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் படுக்கையறை 10-க்கு 10 அடி, அதாவது 20-க்கு 20 கட்டம். கட்டில் சட்டத்தோடு 7-க்கு 5½ அடி. எனவே 14-க்கு 11 கட்டங்களுக்கு வண்ணம் கொடுத்தோம். பீரோ 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். அதற்கு 6-க்கு 4 கட்டம். அதன் கதவு திறக்க முன்னால் இன்னும் 3 கட்டம் வேண்டும்.

கட்டிலின் கால்மாட்டில் பீரோவை வைத்தால் 14, 4, 3 கூட்டி 21 கட்டம். அறையில் இருப்பதோ 20. என் வீட்டில் நடந்தது இதுதான்! பக்கத்துச் சுவரில் வைத்தால் 11, 4, 3 சேர்ந்து 18; ஆள் நிற்க ஓரடிதான் மிச்சம். கடைசியில் கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டினோம். மறுபக்கம் கிடைத்த 9 கட்ட இடத்தின் கோடியில் பீரோவைத் திருப்பி வைத்தோம். கதவு தாராளமாகத் திறந்தது. அறைக் கதவு திறக்கும் இடத்தையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படியின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

3. வட்டியில்லாத் தவணையா?

ஃபிரிட்ஜ் 18,000. மாதம் 1,500 வீதம் 12 தவணை, வட்டி இல்லை, ஆனால் முதலில் 500 கட்டணம் என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 16,500தான். அதாவது தவணையில் வாங்கினால் இன்று கையில் மிஞ்சுவது 16,000. திருப்பிக் கட்டுவது 18,000.

இன்சர்ட் மெனுவில் ஃபங்ஷன் சென்று ரேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் பெட்டியில் 12, இரண்டாவதில் -1500 (கழித்தல் குறி அவசியம்), மூன்றாவதில் 16000 கொடுங்கள். விடை மாதத்துக்கு சுமார் 1.86 சதவீதம். 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 22 சதவீதத்துக்கும் மேல்! தம்பி ரொக்கமாகவே வாங்கினான். பட்டியலில் இன்னொரு 1,500 மிச்சமாயிற்று.

இந்த மூன்று வேலைக்கும் எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. நீங்களும் டேப்பையும் மவுசையும் எடுத்து உங்கள் அறையை ஒருமுறை வரைந்து பாருங்கள். திரையில் கட்டிலை நகர்த்த கூலியாள் தேவையில்லை!